வியாழக்கிழமையை ஆரம்பித்தவர்

பத்து வருடம் வாழ்ந்து பார்க்க நான்கு மணி நேரம் ஆகும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வரவும் என்றும் போட்டிருந்தது. எழில் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு வந்திருந்தார்.

ஒத்திகை நிலையம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, இந்த வரனை முடிக்கலாமா, தோட்டத்தை விற்கலாமா என்று தெரியாதவர்கள் அங்கே வருவார்கள். வருகிறவரை இயந்திரம் நகல் எடுக்கும். ஒரு முடிவுக்கு ஒரு நகல். நகல்கள் இயந்திரத்துக்குள் இருக்கும் கோயம்புத்தூரில் ஆளுக்குப் பத்து வருடம் வாழும். சாயந்திரம் திரையில் வந்து எப்படி இருந்தது என்று சொல்லும். பிறகு நிறுத்திவிடுவார்கள்.

படிவத்தில் 'எதைப் பற்றிய முடிவு' என்ற இடத்தில் நான்கு வரி காலியாக விட்டிருந்தார்கள். எழில் 'ஆணா பெண்ணா' என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி செண்பகவல்லி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஐம்பது வயதுக்காரர். எல்லோரையும் கண்ணு என்றே கூப்பிடுவார்.

"இன்னும் மூணரை வரி இருக்கு கண்ணு. வேற ஏதாச்சும் சந்தேகம் இருந்தா சேத்து எழுதிருங்க."

"இது போதும்ங்க."

எழிலுக்கு இருபத்தாறு வயது. பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அது எத்தனை அடியிலிருந்து தண்ணீர் தூக்கும் என்று எழிலால் சொல்ல முடியும். தன்னைப் பற்றி மட்டும் சொல்ல முடியவில்லை. சில நாள் காலையில் கண்ணாடியில் ஒரு தம்பி தெரிந்தார். சில நாள் ஒரு தங்கை. பெரும்பாலான நாட்களில் பல் துலக்கும் ஒரு ஆள்.

அம்மா மரகதம் அழுது முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது அவருக்கு வேண்டியது பதில். அண்ணன் நவநீதனுக்குத் தை மாதம் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் நின்று செய்வது. உடன்பிறந்தவன் என்றால் அவனுக்கு முகூர்த்தத்தில் மாப்பிள்ளைத் தோழன் வேலை.

"நீ எதுவா இருந்தாலும் எனக்குச் சரி சாமி. ஆனா ஏதோ ஒண்ணா இரு. எந்தப் பக்கம் நிக்கறேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிப்போடு. சேலை எடுக்கறதா வேட்டி எடுக்கறதான்னு எனக்குத் தெரியோணும்."

இரண்டையும் எடுத்துவிடலாம் என்று நவநீதன் சொன்னான். மாப்பிள்ளை பேச்சை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. பதில் வராவிட்டால் சீருக்குப் பெரியப்பா மகள் நிற்பாள், தோழனுக்குச் சித்தப்பா மகன் நிற்பான், எழில் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது முடிவாகியிருந்தது. எழிலுக்கு மேடையில் நிற்க வேண்டும். அண்ணனுக்குப் பக்கத்தில், எந்தப் பக்கமானாலும். ஆனால் பொய் சொல்லி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் மூன்று மாடி ஏறி வந்தது.

அந்த ஊரில் அம்மாவும் இருப்பாரா என்று எழில் கேட்டார்.

"உங்களை மட்டுந்தான் முழுசா நகல் எடுப்போம்," என்றார் செண்பகவல்லி. "மத்தவங்க எல்லாம் உத்தேசம். ஊர்ல ஒவ்வொருத்தரும் எங்க போறாங்க, என்ன வாங்கறாங்க, யார்கூடப் பேசறாங்கன்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அதை வெச்சுச் செஞ்சது. உத்தேச அம்மா இருப்பாங்க. நிஜ அம்மாவைவிடக் கொஞ்சம் கம்மியாத் திட்டுவாங்க. சரிபண்ணப் பாத்தோம், முடியலை."

ஒரு நகல் ஆணாக, ஒரு நகல் பெண்ணாக, தனித்தனி ஊர்களில். ஒன்றை ஒன்று சந்திக்க வழியில்லை. எழில் ஒரு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். திறந்தபோது மணி நான்கரை.

முதல் எழிலுக்கு மீசை இருந்தது. நன்றாகவும் இருந்தது. நீ நகல், இது ஒத்திகை என்று செண்பகவல்லி பக்குவமாக எடுத்துச் சொன்னார். சில நகல்கள் அந்த இடத்தில் அழும் என்று முன்பே எச்சரித்திருந்தார். மீசைக்காரர் யோசித்தார்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க. பத்து வருஷத்துல எங்கம்மா ஒருநாள்கூட ரசத்துக்கு உப்பு மறக்கலை."

எழில் நேராக விஷயத்துக்கு வந்தார். ஆணாக இருப்பது எப்படி இருக்கிறது?

"வாரத்துல ஆறு நாள் பரவாயில்லை."

"ஏழாவது நாள்?"

"வியாழக்கிழமை. அன்னிக்கு நான் எதுன்னு காக்குதான் சொல்லும்."

பிறகு அவர் சொன்னது இது. குளத்துக்குப் பக்கத்தில் மாநகராட்சி ஷட்டில் கோர்ட் ஒன்று உண்டு. வியாழன் சாயந்திரம் கலப்பு இரட்டையருக்கு மட்டும் என்று எப்போதோ யாரோ எழுதிவைத்த விதி. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண். அந்த ஊரில் அப்படி ஜோடி சேர்ந்து ஆட வீட்டில் யாரை விடுவார்கள்? அதனால் அந்த நேரத்தில் கோர்ட் காலி. அங்கே பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பன்னிரண்டு பேருமே எழிலைப் போல இரண்டு பக்கமும் சேராதவர்கள். வாசலில் இருக்கும் நோட்டில் ஆண் யார், பெண் யார் என்று எழுதியாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் காக்கு என்கிற இறகுப் பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள். விழுந்த காக்கின் தக்கை யாரைக் காட்டுகிறதோ அவர் அந்த ஆட்டத்தில் ஆண், ஜோடியில் மற்றவர் பெண். போன வாரம் பெண்ணாக இருந்தவர் இந்த வாரம் ஆண். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் எல்லோரும் கோபித்துக்கொள்வார்கள். லூர்து மட்டும் தொடர்ந்து ஒன்பது வாரம் ஆணாக இருந்துவிட்டு, காக்கில் ஏதோ கோளாறு என்று தராசில் வைத்து எடை பார்த்ததாக மீசைக்காரர் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை எழில் கவனித்தார். தன் முகம் அப்படி இருந்து எழில் பார்த்ததில்லை.

"லூர்து யாரு?"

"குழுவை ஆரம்பிச்ச ஆளு. ஸ்கூல் வேன் ஓட்டறது. தூத்துக்குடிப் பக்கம். அண்ணான்னாலும் அடி, அக்கான்னாலும் அடி. வெறும் லூர்து. ஆறாவது வருஷத்துல இருந்து ஒரு முட்டி சரியில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே பாயிண்ட் வாங்கிரும். நான் போனப்ப குழு ஏற்கனவே நல்லா ஓடிட்டு இருந்துச்சு. சும்மா எட்டிப் பாத்தேன். உள்ள வரச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

எழிலுக்கு மனசு லேசாயிற்று. ஏற்கனவே இருக்கிற ஒன்றில் போய்ச் சேர்வது எழிலால் முடியும். கதவைத் தட்டுவதுகூடக் கஷ்டம்தான். திறந்திருந்தால் போதும்.

இரண்டாவது எழில் முடியை நீளமாக வளர்த்துக் கொண்டை போட்டிருந்தார். பெண்ணாக இருப்பது எப்படி என்று கேட்டபோது, வாரத்தில் ஆறு நாள் பரவாயில்லை என்றார். அதற்குமேல் எழில் கேட்கவில்லை. அவரே சொன்னார். அதே கோர்ட், அதே லூர்து, அதே முட்டி. அங்கேயும் லூர்துதான் ஆரம்பித்தது. அவர் போனபோதும் குழு நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நீ என்ன முடிவு பண்ணின?" என்றார் எழில்.

"நீ எதைக் கேக்கற? இன்னிக்கு வியாழக்கிழமை, நான் கிளம்போணும்."

நிறுத்துவதற்கு எழில்தான் கையெழுத்துப் போட வேண்டும். செண்பகவல்லி காகிதத்தை நீட்டினார். எழில் பேனாவை எடுத்தார். இங்கே ஒரு நிமிடம் போனால் அங்கே எத்தனை நாள் என்று கேட்டார்.

"பதினஞ்சு நாள்."

எழில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். செண்பகவல்லி இரண்டு டீ வரவழைத்தார். எழில் ஊதி ஊதிக் குடித்தார். செண்பகவல்லி கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பத்து நிமிடம். இருபது வியாழக்கிழமைகள். டம்ளரில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் எழில் ஒருமுறை வாயில் வைத்துக் கவிழ்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். திரை அணைந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. செண்பகவல்லிக்கு இது வேலை. எழிலுக்கு யாருக்காக அழுவது என்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா முழுவதையும் கேட்டார்.

"பத்து வருஷம் கழிச்சும் முடிவு பண்ணலையா?"

"இல்லம்மா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"அது உன்ற நகல்தான். சந்தேகமே இல்லை," என்று சொல்லிவிட்டு அம்மா பெரியப்பா வீட்டு எண்ணைத் தேடினார். எழில் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னார். அம்மா போனைக் கீழே வைத்தார். எண்ணை அழிக்கவில்லை.

வியாழக்கிழமை எழில் அரை நாள் விடுப்புப் போட்டார். கோர்ட் உண்மையிலேயே இருந்தது. விதியும் இருந்தது, தகரப் பலகையில். நோட்டும் இருந்தது. அதன் பின்னால் காவலாளி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். உள்ளே பன்னிரண்டு பேர் இல்லை. வெளிச் சுவரில் ஒரே ஒரு ஆள் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். காக்கி கால்சட்டை, காதில் சின்னத் தோடு, கிராப்பு. பக்கத்தில் மஞ்சள் வேன் நின்றது.

பத்து வருடப் பழக்கம் எழிலை முந்திக்கொண்டது. பழகியது தானல்ல என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

"என்ன லூர்து, முட்டி எப்படி இருக்கு?"

அந்த ஆள் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. தன் முட்டியைப் பார்த்தது. ஒருமுறை மடக்கி நீட்டியது.

"எம் முட்டிக்கு என்ன?"

அது கெட்டுப்போக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்பது எழிலுக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டார். ஆள் மாறிவிட்டது என்றார். ஆள் மாறவில்லை, ஆனால் நமக்குள் இன்னும் பழக்கம் ஆகவில்லை என்றார். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போயிற்று. லூர்து குறுக்கே பேசாமல் எழிலையே உற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"எழிலா?"

"ஆமாங்க."

"இன்னும் குண்டா இருப்பியன்னுல்லா நினைச்சேன்."

லூர்து பெஞ்சில் உட்கார்ந்தது. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ரொம்ப நேரம் ஓட்டிய வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய ஆளைப் போல இருந்தது. லூர்துவும் ஒத்திகைக்குப் போயிருந்தது. அதே மூன்றாவது மாடி, அதே கேள்வி, இரண்டு நகல். இரண்டும் திரும்பி வந்து வியாழக்கிழமைக் குழுவைப் பற்றித்தான் பேசின.

"எழில்னு ஒரு ஆளு, பம்ப் கம்பெனியில வேலை, அந்த ஆளுதான் ஆரம்பிச்சது, நீ போய்ச் சேர்ந்துக்கோன்னு சொல்லிச்சு. எட்டு மாசமா வாரேன். குழுவையும் காணும், உங்களையும் காணும். இன்னும் கொஞ்சம் பாப்போம்னு சுவத்துல அடிச்சிட்டு இருக்கேன்."

"எனக்கு நீங்க ஆரம்பிச்சதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

"நான்தான். ரெண்டு பேரும்."

காவலாளி கொய்யாவைக் கடிப்பதை நிறுத்தினார். எழில் போனை எடுத்துச் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். ஒத்திகையில் தவறு நடந்திருக்கிறது என்றார். செண்பகவல்லி பதிவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"தப்பு எதும் இல்லியே. குழுவை ஆரம்பிச்சது நீங்கதான். மீசை வெச்சவரும் நாலு மாசம் தனியா நின்னிருக்காரு, கொண்டை போட்டவங்களும் நின்னிருக்காங்க. அஞ்சாவது மாசந்தான் லூர்துன்னு ஒருத்தர் வர்றாரு."

"அவங்க அப்படிச் சொல்லலையே."

"நகல் பொய் சொல்லக் கூடாதுன்னு எங்க விதியில இல்லை கண்ணு. உங்க குணந்தானே அதுக்கும் இருக்கும்?"

எழில் போனை வைத்தார், கேட்டதை லூர்துவிடம் சொன்னார். நீதான் ஆரம்பிக்க வேண்டும், நாலு மாதம் தனியாக நிற்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை யாராவது சொல்லியிருந்தால் இன்றைக்கு விடுப்புப் போட்டிருப்போமா என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்கவே தேவையில்லை. பம்ப் கம்பெனியில் உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் எழிலை இவ்வளவு சரியாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

"எனக்கும் அதே பொய்தான் சொல்லியிருக்கு," என்றது லூர்து. "ஆரம்பிக்கப் பயந்த கழுதைன்னு என்னை நானே நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கேன்." பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே, "எட்டு மாசம், வே," என்றது. யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

காவலாளி நோட்டை நீட்டினார். ஆண் ஒன்று, பெண் ஒன்று, பெயர் எழுதினால்தான் உள்ளே விட முடியும் என்றார். லூர்து பந்தை மேலே போட்டது. அது சுழன்று விழுந்து உருண்டது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். தக்கை காவலாளியைக் காட்டியது.

"நான் ஆம்பளைதாங்க," என்றார் அவர். "அதைக் கேட்டுப் பாக்க வேண்டியதில்லை."

இரண்டாவது முறை தக்கை எழிலைக் காட்டியது. எழில் ஆண் என்ற இடத்தில் பெயரை எழுதினார். முன்பும் எத்தனையோ படிவங்களில் எழுதியதுதான். அப்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கும். இப்போது நிற்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் வேறு மாதிரி விழலாம். அப்போதும் இதே கைதான் எழுதும். எழிலுக்கு ஒன்று புரிந்தது. இதுவரை முடிவு பண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். முடிவு எப்போதோ ஆகிவிட்டது. அதைப் போட்டுவைக்கத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

லூர்து இருபத்தொன்றுக்கு ஆறு என்று எழிலைத் தோற்கடித்தது. முட்டி நன்றாகவே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் எழில் அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார். சேலையும் எடு, வேட்டியும் எடு என்றார்.

"நான் ரெண்டு பக்கமுந்தான்மா. மாறி மாறி. நாளைக்கு எதுன்னு எனக்கு இன்னிக்குத் தெரியாது, அவ்வளவுதான். கல்யாணத்தன்னிக்குக் காலையில காக்குப் போட்டுப் பாத்துச் சொல்றேன்."

காக்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பின்னால் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது.

"சனங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

"தெரியும்மா."

"போடறப்ப நான் பக்கத்துல நிப்பேன்," என்றார் அம்மா. "நீ சின்னதுல இருந்தே தாயக்கட்டையில ஏமாத்துவே."

கல்யாணம் நடந்தது. சீருக்குப் போட்டபோது சேலைப் பக்கம் விழுந்தது. எழில் சேலையில் நின்றார். முகூர்த்தத்துக்கு அம்மாவே வாங்கிப் போட்டார். வேட்டிப் பக்கம் விழுந்தது. அவர் போட்ட விதம் எழிலுக்குச் சந்தேகமாக இருந்தது, கேட்கவில்லை. இரண்டு குடும்பங்கள் பந்தியில் உட்காராமல் போயின. அம்மா அவர்கள் போன வழியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வரிசைக்கு இலை போடச் சொன்னார். அப்போதே சொன்னேனே என்றான் நவநீதன். மாப்பிள்ளை பேச்சை அன்றைக்கும் யாரும் காதில் வாங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்றாவது வியாழக்கிழமை, கோர்ட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. கம்பி வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டம் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. பிறகு இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்குக் குறையாது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. அதன் கண்ணாடியை மட்டும் உயர்த்தியிருந்தார்.

தன் பக்கத்து வீட்டில் இருக்கும் காவலாளிதான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்றார். தான் சும்மா இந்த வழியாகப் போனதாகச் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

"இங்க ஒரு குழு இருக்குதுன்னு..."

லூர்து எழிலைப் பார்த்தது. எழில் லூர்துவைப் பார்த்தார். கோர்ட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தார்கள்.

"இருக்குங்க," என்றார் எழில். "பன்னண்டு பேரு. மத்தவங்க இன்னிக்கு லேட்டு."

"ரொம்ப நாளா நடக்குதுங்களா?"

"பத்து வருஷமா."

வாசலில் காவலாளி இருமினார். வந்தவர் உள்ளே ஒரு எட்டு வைத்தார்.

"யாருங்க ஆரம்பிச்சது?"

எழிலின் கை லூர்துவைக் காட்டியது. லூர்துவின் கை எழிலைக் காட்டியது. வந்தவர் இந்தக் கையையும் அந்தக் கையையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.